மற்றபடி சித்தசுவாதீனமுள்ளவர்

ரொறன்ரோவில் உள்ள போர்க்கால மருத்துவ சேவை மரபுச் சபைக்கு ஒரு பெருமை இருந்தது. இராணுவ மருத்துவப் படையில் நிறம் காரணமாகத் தனக்கு அநீதி நடந்தது என்று எந்தக் கறுப்பின மருத்துவரும் இதுவரை சபையிடம் முறைப்பாடு செய்ததில்லை. சபைத் தலைவர் கேணல் பெம்பர்ட்டன் இதை ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் சொல்லுவார். சபையின் பதிவுகளின்படி போர்க்காலத்தில் அந்தப் படையில் கறுப்பின மருத்துவர் ஒருவரும் சேர்க்கப்படவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுவார். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

1995ஆம் ஆண்டு தை மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டு விழாவில் சிறுபான்மை இனத்தவரின் சேவையும் கௌரவிக்கப்பட வேண்டும், கௌரவிக்கப்பட்டவரின் புகைப்படம் ஆடி மாதத்துக்குள் அனுப்பி வைக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. கேணல் கலங்கிப்போனார். சபையின் சுவரில் அறுபத்திரண்டு மருத்துவர்களின் படங்கள் தொங்கின. எல்லாரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களைப் போல இருந்தார்கள். நிலவறையில் இருக்கும் பழைய அட்டைகளைக் கிண்டி ஒரு கறுப்பு மருத்துவரைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு தற்காலிக ஊழியரை எடுக்கச் சபை தீர்மானித்தது.

அப்படித்தான் இக்னேசியஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொரு வயது. ஊர் கரம்பன். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் பதிவறையில் பதினான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் மனைவி வேரோனிக்காவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் இருந்தார். முந்திய வேலை மீன் பெட்டி அடுக்குவது. கடதாசிப் பெட்டி தூக்க ஆள் வேண்டுமாம் என்று வேலை ஏஜென்சிக்காரி சொன்னபோது அவருக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதுபோல இருந்தது. அரசாங்கக் கந்தோர் என்றால் கோவை இருக்கும், கோவை இருந்தால் ஒழுங்கு இருக்கும், ஒழுங்கு இருந்தால் நியாயமும் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும் என்று நம்புகிற மனிதர் அவர்.

மூன்றாவது கிழமை ‘வடிகால்களும் பிறவும்’ என்று பெயரிட்ட ஒரு கோவைக்குள் நாற்பத்தொன்பது கடிதங்களை அவர் கண்டெடுத்தார். 1946 தொடக்கம் வருடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதியவர் ஒருவரே: டொக்டர் கத்பேட் ஒட்லி, பதர்ஸ்ட் தெரு, ரொறன்ரோ. முதற்கடிதம் வந்த அன்று கட்டடத்தின் வடிகால் அடைத்திருக்க வேண்டும். அந்தக் கோவைக்குள் போனது பிறகு வெளியே வரவேயில்லை. கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே வேண்டுகோள்தான் இருந்தது. என்னுடைய பதிவு அட்டையில் உள்ள ஒரு வசனத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

இக்னேசியஸ் அட்டையைத் தேடி எடுத்தார். 1941இல் எழுதியது. தொழில் என்ற இடத்தில் ‘மருத்துவர்’ என்று நல்ல உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. அதை வேறொரு பேனா குறுக்கே வெட்டி, ‘பொது வேலையாள்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், இரண்டு வசனங்கள்:

‘தன்னை ஒரு மருத்துவர் என்று கூறிக்கொள்கிறார். மற்றபடி சித்தசுவாதீனத்துடன் இருக்கிறார்.’

அட்டையையும் கடிதங்களையும் தூக்கிக்கொண்டு இக்னேசியஸ் மேலே ஓடினார். பதிவு அதிகாரி மிஸ்டர் கிளெக் சந்தோஷப்பட்டார். ஆனால் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. இவர் மருத்துவர் அல்ல, ஓடர்லி, நோயாளரைக் கழுவித் துடைத்து பெட்பான் தூக்கியவர் என்றார். இக்னேசியஸ் பணிவாக, கச்சேரியில் பிழையான பதிவொன்று இருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் ஒப்பமும் திகதியும் இடுவோம், அரை நிமிட வேலை என்று சொல்லிப் பார்த்தார்.

“உங்கள் நாட்டில் அப்படி இருக்கலாம். இங்கே நாங்கள் வரலாற்றைத் திருத்துவதில்லை. அதைக் கௌரவிக்க மட்டுமே செய்வோம்” என்றார் கிளெக்.

கௌரவிப்பதற்கு வேறு ஆள் இல்லாதபடியால், டொக்டர் ஒட்லியை நேரில் பார்த்து அழைப்பைக் கொடுத்துவிட்டு வரும்படி இக்னேசியஸையே அனுப்பினார்கள். சமூகத் தொடர்புக்கு அவர்தான் பொருத்தமானவர் என்று செயலாளர் மிஸஸ் ட்வீடி சொன்னாராம். என்ன பொருத்தம் என்று அவர் விளக்கவில்லை. இக்னேசியஸ் தன் புறங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. பெயரையும் விலாசத்தையும் சொன்னதும் வேரோனிக்காவின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது.

“ஒட்லியோ? இஞ்சாருங்கோ, அது நாங்கள் வந்த புதிசிலை போன கிளினிக்கெல்லே?”

இக்னேசியஸுக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாலு வருடங்களுக்கு முன், மகளுக்குக் காய்ச்சலென்று ஒரு கிளினிக்குக்குப் போய்க் குந்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து நரைத்த தலையோடு உயரமான ஒரு கறுப்பு மனிதர் வந்து பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார். வேரோனிக்கா எழும்பவில்லை. உவர் கறுவல் டொக்டரப்பா, வேறை இடம் பாப்பம் என்று காதுக்குள் சொன்னாள். இக்னேசியஸ் வரவேற்பு மேசையில் போய் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னார். பஸ்ஸில் வருகிறவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டொக்டரைப் பார்க்காமல் போவது ஏனென்று அந்தப் பெண் கேட்கவில்லை. அவளுக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

“நான்தானே சொன்னனான்,” என்றாள் வேரோனிக்கா. “நீங்களும் எழும்பி வந்தனீங்கள்தானே.”

“ஓம்,” என்றார் இக்னேசியஸ்.

டொக்டர் ஒட்லிக்கு எண்பத்துமூன்று வயது. மனைவி இறந்துவிட்டார். கிளினிக்கை மூடி மூன்று வருடம். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கைத்தடியுடன் கதவைத் திறந்தார். இக்னேசியஸ் அழைப்பைக் கொடுத்த கையோடு அந்த பஸ் கதையையும் ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார். சொல்லாமல் அந்த வீட்டுக் கதிரையில் இருக்க அவரால் முடியவில்லை.

“காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது?” என்று கேட்டார் டொக்டர்.

“ஐந்து நாள்.”

“அப்படியென்றால் காதைப் பார்த்திருக்க வேண்டும்” என்றார். அந்த விஷயம் அதோடு முடிந்தது.

தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். 1938இல் இதே ரொறன்ரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். போர் தொடங்கியதும் மருத்துவப் படைக்கு விண்ணப்பித்தார். காயப்பட்ட எங்கள் வீரர்கள் உங்கள் நிறத்தவர் ஒருவரின் கை படுவதைச் சங்கடமாக உணரக்கூடும் என்று பதில் வந்தது. மூன்று தடவை விண்ணப்பித்தார், மூன்று தடவையும் அதே வசனம். கடைசியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அவரை இராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஓடர்லியாக்கினார்கள். நாலு வருடமாக அதே வீரர்களைக் குளிப்பாட்டினார், முகம் வழித்தார், மலம் துடைத்தார். ஒருவருக்கும் சங்கடம் வந்ததாகத் தெரியவில்லை.

இக்னேசியஸுக்கு இது விளங்கவில்லை. அடுத்தநாள் கந்தோரில் மிஸ்டர் கிளெக்கிடம் கேட்டார். கழுவலாம், ஆனால் அதே கையால் நாடி பார்க்கக்கூடாது, அது எப்படி?

கிளெக் பொறுமையாக விளக்கினார். “தொடுகை ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. நாங்கள் அவ்வளவு குறுகிய மனம் படைத்தவர்களல்ல. ஓடர்லி கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தொடுகிறான். மருத்துவரோ தன் சொந்த அதிகாரத்தில் தொடுகிறார். எங்களுக்கு இருந்த கவலை அந்த அதிகாரத்தைப் பற்றியது மட்டும்தான்.”

அழைப்புக்கு டொக்டர் ஒட்லி எழுதிய பதிலில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வசனம் நீக்கப்பட்டால் வருகிறேன். சபைக்கு வேறு வழியில்லை. ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வசனத்தை நீக்குவது பற்றி ஆராய மூன்று பேர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டது. பெட்டி தூக்கவும் கோப்பி ஊற்றவும் இக்னேசியஸ் உள்ளே நின்றார்.

உபகுழு நாலு தடவை கூடியது. முதலாவது வசனத்தை நீக்குவதில் கொள்கையளவில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை நீக்கினால் இரண்டாவது வசனம் ‘மற்றபடி’ என்று தொடங்கும். எதற்கு மற்றபடி என்று கிளெக் கேட்டார். இலக்கணம் இடிக்கிறது. வேண்டுமானால் ‘மற்றபடி’யை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் மிஸஸ் ட்வீடி. அப்படிச் செய்தால் அட்டை அவரை எந்த நிபந்தனையுமில்லாமல் சித்தசுவாதீனமுள்ளவர் என்று சொல்வதாகிவிடும், அந்த அளவுக்கு உறுதியளிக்க 1941இன் அதிகாரி உத்தேசித்தாரா என்பது தெரியாது என்றார் சட்ட ஆலோசகர். இரண்டையும் சேர்த்து நீக்கினால் என்ன என்று மிஸஸ் ட்வீடி கேட்டார். அப்போது அவருக்குப் புத்தி சரியாக இருந்தது என்பதற்கு இராணுவத்திடம் ஓர் ஆதாரமும் இராது, புத்தி சரியில்லாத ஒருவரைப் போருக்கு அனுப்பியதாகிவிடும் என்றார் கிளெக். கடைசிக் கூட்டத்தில் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவருடைய சித்தசுவாதீனத்தை இப்போது புதிதாகப் பரிசோதித்து உறுதிப்படுத்திக்கொண்டால் பழைய குறிப்பை நீக்கலாம்.

டொக்டர் ஒட்லி மறுக்கவில்லை. அவருக்கு அந்த வசனம் போக வேண்டும், அவ்வளவுதான். பங்குனி மாதத்துச் சேற்றுப் பனியில் இக்னேசியஸ் அவரைத் தண்டவாளத்தில் ஓடும் தெருக் காரில் கூட்டிக்கொண்டு சபை நியமித்த மனநல மருத்துவரிடம் போனார். முப்பது வயதுகூட இராத இளைஞர். இன்றைக்கு என்ன கிழமை, பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்டார். டொக்டர் ஒட்லி மிச்சம் இரண்டு வரும்வரை கழித்துவிட்டு, இன்னும் கழிக்கவா என்று கேட்டார். பிறகு, வேலை என்ன செய்தீர்கள் என்று இளைஞர் கேட்டார். மருத்துவராக இருந்தேன் என்றார். இளைஞர் தன் முன்னால் இருந்த அட்டையின் பிரதியைப் பார்த்தார். அதில் பொது வேலையாள் என்று இருந்தது. அவர் கனிவோடு புன்னகைத்து, ஏதோ எழுதினார்.

அறிக்கை இரண்டு கிழமையில் வந்தது. ஞாபகசக்தி சிறப்பு, கணக்கு மிகச் சிறப்பு என்று இருந்தது. கடைசிப் பந்தியில், தன்னை ஒரு மருத்துவர் என்று கூறிக்கொள்கிறார், மற்றபடி சித்தசுவாதீனத்துடன் இருக்கிறார் என்று இருந்தது.

உபகுழு இதை மிகுந்த திருப்தியுடன் ஏற்றுக்கொண்டது. ஐம்பத்துநாலு வருடங்களுக்கு முன், எந்த நவீன வசதியும் இல்லாமல், ஒரு சாதாரண ஆட்சேர்ப்பு அதிகாரி எழுதிய குறிப்பை இன்றைய விஞ்ஞானம் சொல்லுக்குச் சொல் உறுதிப்படுத்திவிட்டது. சரியென்று நிரூபணமான ஒரு வசனத்தை நீக்க எந்தக் காரணமும் இல்லை.

கடிதத்தை இக்னேசியஸ்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். படித்துவிட்டு டொக்டர் அதை மடித்து வைத்தார். விழாவுக்கு வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். ஏன் என்று இக்னேசியஸ் கேட்டார். என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஒருதடவையாவது அறைக்குள் இருந்து கேட்க வேண்டும், இவ்வளவு காலமும் நான் வெளியே நின்றபோதுதான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

விழா வைகாசியில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கௌரவிப்புக்கு மருத்துவராகப் பதிவான கறுப்பர் ஒருவரும் கிடைக்காதபடியால், கேணல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேடையின் நடுவில் நீல வெல்வெட் போர்த்த ஒரு வெற்றுக் கதிரை. அது, சேவை செய்திருக்கக்கூடிய ஆனால் வர முடியாமற்போன எல்லாக் கறுப்பின மருத்துவர்களுக்குமான அடையாளம். டொக்டர் ஒட்லிக்குச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். இருக்கைத் திட்டம் பதிவு அட்டையின்படி போடப்பட்டது, ஓடர்லிகளுக்கென்று மேசை எதுவும் இல்லை என்று மிஸஸ் ட்வீடி மன்னிப்புக் கேட்டார். கதிரைகள் தூக்க வந்திருந்த இக்னேசியஸும் அதே மேசையில்தான் இருந்தார்.

கேணல் பெம்பர்ட்டன் வெற்றுக் கதிரையைப் பார்த்தபடி பேசினார். கைக்குட்டையைத் தயாராகக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

“நண்பர்களே, நாங்கள் அவர்களை மறக்கவில்லை. மறக்க முடியாது, ஏனென்றால் நாங்கள் அவர்களைச் சந்திக்கவேயில்லை. எங்கள் கதவு எப்போதும் திறந்திருந்தது. அதன் வழியாக யாரை விடுவது என்பதை மட்டுமே நாங்கள் கவனித்துக்கொண்டோம். அவர்கள் இல்லாமல் நாங்கள் அந்தப் போரை வென்றோம். அவர்கள் இல்லாமை எவ்வளவு பெரிய தியாகம் என்பதை இன்றுதான் உணர்கிறோம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். டொக்டர் ஒட்லி எழுந்தார். கைத்தடியை ஊன்றி மண்டபத்தின் நீளத்துக்கும் நடந்து, மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, அந்த வெல்வெட் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

மிஸஸ் ட்வீடி குனிந்து அவர் காதில் சொன்னது ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்டது. “ஐயா, இது வர முடியாமற்போனவர்களுக்கான கதிரை.”

“ஓமம்மா,” என்றார் டொக்டர். “அது நான்தான்.”

கேணல் ஒரு கணம்தான் தடுமாறினார். முதியவர் களைத்துவிட்டார், சற்று இளைப்பாறட்டும் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். மிஸஸ் ட்வீடி இக்னேசியஸுக்குக் கை காட்டினார். சமையலறைப் பக்கத்திலிருந்து இன்னொரு வெற்றுக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கச் சொன்னார். இக்னேசியஸ் கொண்டுபோய் வைத்தார். கேணல் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, மிச்சப் பேச்சை அந்தக் கதிரையைப் பார்த்துப் பேசி முடித்தார்.

மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. உயரமான கறுப்புக் கிழவர் ஒருவர் நிமிர்ந்து இருக்கிறார், பக்கத்தில் வெற்றுக் கதிரையைப் பார்த்து ஒரு கேணல் கண்ணீர் விடுகிறார். அந்தக் கிழவர் யார் என்று கேட்டுச் சபைக்குக் கடிதங்கள் வந்தன. மேலிடமும் கேட்டது. உபகுழு மறுபடி கூடியது. எல்லாருடைய மனமும் குளிரும்படியான ஒரு தீர்வு ஆனி முடிவதற்குள் கிடைத்தது. பதிவு அட்டை அப்படியே இருக்கும். ஆனால் சபை அவருக்கு ஒரு பட்டம் வழங்கும்.

தங்க எழுத்தில், சட்டம் போட்ட சான்றிதழாக அது வந்தது. திரு. கத்பேட் ஒட்லி இத்தால் கௌரவ மருத்துவராக நியமிக்கப்படுகிறார். கீழே, சட்ட ஆலோசகரின் விருப்பப்படி, சின்ன எழுத்தில் ஒரு வரி. இப்பட்டத்தைப் பெறுபவர் நோயாளர்களைப் பரிசோதிக்கவோ அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கவோ உரித்துடையவர் அல்லர்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட வருடங்கள் மருத்துவம் பார்த்த மனிதர் அந்தச் சின்ன எழுத்தை இரண்டு தடவை படித்தார். இக்னேசியஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொக்டர் உள்ளே போய், கறுத்த மட்டை போட்ட ஒரு பழைய கொப்பியோடு திரும்பினார். அதில் அறுபத்துமூன்று பெயர்கள் இருந்தன. பெயருக்கு எதிரே திகதி, காயம், செய்த சத்திரசிகிச்சை.

அதன் கதையை அவர் அப்போதுதான் சொன்னார். போர்க்காலத்தில் இத்தாலியில் இருந்த அவர்களுடைய ஆஸ்பத்திரியில் ஒரு கப்டன்தான் சத்திரசிகிச்சை நிபுணர். நல்ல மனிதர். முதல் மழைக்காலத்திலேயே அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஓடர்லி ஒட்லி மருத்துவர் என்பது அவருக்குத் தெரியும். கடுமையான காயம் வந்தால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கத்தியை ஒட்லியிடம் கொடுப்பார். மயக்கத்தில் கிடப்பவனுக்கு மேசையடியில் நிற்பது யாரென்று தெரியாது. வெளியே சொன்னால் கப்டனுக்கு விசாரணை வரும் என்று டொக்டர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கப்டன் போன வருடம்தான் இறந்தார். பிள்ளை குட்டி இல்லை.

டொக்டர் தன் ஐம்பதாவது கடிதத்தை அன்றே எழுதினார். தபாலில் போட முன் இக்னேசியஸுக்கு வாசித்துக் காட்டினார்.

“நான் சிகிச்சை அளிக்கக்கூடாது என்ற தங்கள் கட்டளையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கட்டளை வருவதற்கு முன், 1943க்கும் 1945க்கும் இடையில், தங்கள் வீரர்கள் அறுபத்துமூன்று பேருக்கு நான் சத்திரசிகிச்சை செய்துவிட்டேன். பட்டியல் இணைத்திருக்கிறேன். அந்தச் சிகிச்சைகளைத் தயவுசெய்து இரத்துச் செய்துவிடுங்கள்.”

இது பகிடியா என்று இக்னேசியஸ் அவர் முகத்தைப் பார்த்தார். டொக்டர் சிரிக்கவில்லை.

சபையும் சிரிக்கவில்லை. சட்ட ஆலோசகர் வேர்த்து விறுவிறுத்தார். அனுமதியில்லாத ஓர் ஓடர்லி அறுபத்துமூன்று பேரின் வயிற்றையும் நெஞ்சையும் திறந்திருக்கிறான், யாராவது வழக்குப் போட்டால் சபையின் கதி என்ன, தெரிந்தபின் மறைத்தால் அதுவும் குற்றம் என்றார். சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அறிவித்தலும் மன்னிப்பும் அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானது. ஓய்வூதியப் பட்டியலில் அவர்களுடைய விலாசங்களையும், இறந்தவர்களின் குடும்பத்தாருடைய விலாசங்களையும் எடுத்தார்கள். மிஸஸ் ட்வீடி எழுதினார்: ‘மேற்குறித்த திகதியில் தங்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை, கத்பேட் ஒட்லி என்ற, கறுப்பினத்தைச் சேர்ந்த ஓர் ஓடர்லியால் அதிகாரமின்றிச் செய்யப்பட்டது என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம். இதனால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.’ இக்னேசியஸ் அறுபத்துமூன்று உறைகளுக்கும் முத்திரை ஒட்டினார். இந்தக் கிழவனை இன்னும் அவமானப்படுத்துவதற்குத் தானும் எச்சில் கொடுக்கிறோமே என்று அவருக்கு இருந்தது.

அன்று இரவு வேரோனிக்காவிடம் சொன்னார்.

“வயித்தைத் திறந்து தைச்ச மனுசனிட்டை மன்னிப்புக் கேளாமல், தைபட்டவனிட்டைக் கேக்கினமோ?” என்றாள். பிறகு மெல்ல, “எங்களுக்கு என்ன வாய் இருக்கு,” என்றாள்.

ஆவணி நடுவில் பதில்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு கட்டுக் கட்டாக. சஸ்கச்சுவானிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருந்தார். அந்தச் சிகிச்சை அதிகாரமின்றிச் செய்யப்பட்டதென்றால் அதற்குப் பிறகு பிறந்த நாலு பிள்ளைகளை எந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு விதவை, கணவன் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் படத்தை அனுப்பி, இதை அந்த டொக்டரிடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர் உண்மையைச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அவரைக் கிட்டவும் விட்டிருக்க மாட்டேன், செத்திருப்பேன், என்னிடம் சொல்லாமல் விட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். உறைகளில் பாதிக்கு மேல் டொக்டர் ஒட்லி, மரபுச் சபை என்றுதான் விலாசம் இருந்தது. அப்படி ஒருவர் சபையில் இல்லை என்று திருப்பி அனுப்பலாமா என்று கிளெக் கேட்டார். முத்திரைச் செலவு காரணமாக அது கைவிடப்பட்டது.

கேணல் பெம்பர்ட்டன் அவசரக் கூட்டத்தில் சபையின் நிலைப்பாட்டைத் தெளிவாக்கினார். “இவர்கள் குணமடைந்ததைச் சபை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அனுமதியின்றிக் குணமடைந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் பதிவுசெய்தாக வேண்டும்.” அது பதிவுசெய்யப்பட்டது.

புரட்டாதியில் ஒருநாள் காலை, டிமின்ஸ் பக்கத்திலிருந்து இரவு முழுவதும் பஸ்ஸில் வந்த ஒருவர் வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பெயர் மக்கின்னன். சுரங்கத்தில் வேலை செய்தவர், எழுபத்துமூன்று வயது. டொக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். யாரென்பதற்கு அத்தாட்சி என்ன என்று மிஸஸ் ட்வீடி கேட்டார். அவர் அங்கேயே சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலாவிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரு தழும்பு ஓடியது. கோவை இலக்கமில்லாமல் தழும்புகளைப் பார்வையிட முடியாது என்றும், டொக்டர் என்று எவருடைய விலாசமும் சபையிடம் இல்லை என்றும் மிஸஸ் ட்வீடி சொன்னார். மக்கின்னன் தரையில் குந்தினார். விலாசம் தந்தால் எழும்புவேன் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இக்னேசியஸ் வந்து அவர் தோளைத் தொட்டு, வாருங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணிக்குத் திரும்ப வேண்டியவர் நாலரை வரை திரும்பவில்லை. அத்தோடு அந்த வேலை போயிற்று. மீன் பெட்டிக்காரரிடம் மறுபடி கேட்கலாம் என்று தெருக் காரிலேயே அவர் முடிவு செய்திருந்தார்.

டொக்டர் ஒட்லி கதவைத் திறந்தார். மக்கின்னன் பெயரையும் திகதியையும் சொன்னார். டொக்டர் கொப்பியைத் திறக்கவில்லை. அவருக்கு நினைவிருந்தது. வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, யன்னலடியில் அவரை நிறுத்திச் சட்டையை உயர்த்தி, தழும்பின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். கடைசி மூன்று தையலும் கோணல் என்றார். அன்றைக்கு லாம்பு பிடித்த கப்டன் நின்றபடியே நித்திரையாகிவிட்டார் என்றார்.

குளிர் காலத்தில் அந்த இடத்தில் ஒரு நோ இருக்கிறது, ஊரில் காட்டினால் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்று மக்கின்னன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டொக்டர் அவரைச் சோபாவில் மல்லாக்கப் படுக்கவைத்தார். இரண்டு கைகளையும் சூடாகும்வரை தேய்த்துவிட்டு, வயிற்றில் ஓரிடத்தில் வைத்து அழுத்தினார். இக்னேசியஸ் யன்னல் சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கினார்.

“இருமுங்கள்,” என்றார் டொக்டர்.